சிற்றலைக்கு எழுதிய சாட்சிக் கடிதங்கள்

நெல்லை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நாற்பது ஆண்டுகளாக வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பழகியவன் நான். சிற்றலை கேட்பதைப் பற்றிப் பேசச் சொல்லி, இன்று ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முக்கூடல், அம்பாசமுத்திரம் பக்கம் பீடி சுற்றும் திண்ணைகளில் இலங்கை வானொலியின் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதே பெட்டியில் எஸ்.டபிள்யூ., அதாவது சிற்றலை, என்று எழுதியிருக்கும் பக்கம் குமிழைத் திருப்பி, முள்ளை மயிரிழை அளவுக்கு நகர்த்தினால், இரைச்சலுக்கு நடுவிலிருந்து மாஸ்கோவும் பெய்ஜிங்கும் மணிலாவும் தமிழில் பேசின. லண்டன் பி.பி.சி.யின் தமிழோசை 1941 மே மாதத்தில் தொடங்கியது. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு, நம் நெல்லை நிலையம் பிறந்த அதே 1963-இல் தொடங்கியது.

இவ்வளவு தொலைவிலிருந்து அந்தக் குரல்கள் எப்படி வந்தன? குளத்தில் ஓட்டாஞ்சல்லியைச் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகுமல்லவா, அதை நினைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்று மண்டலம் ஒன்று இருக்கிறது. சிற்றலை அதில் பட்டு வளைந்து கீழே இறங்கி, கடலிலோ தரையிலோ பட்டு மறுபடி மேலே போகும். இரவும் பகலும் அந்த மண்டலம் மாறிக்கொண்டே இருப்பதால், பகலில் 16, 19 மீட்டர் அலைநீளங்களிலும், பொழுது சாய்ந்தபின் 41, 49 மீட்டர் அலைநீளங்களிலும் தேட வேண்டும்.

கேட்பதோடு இந்தப் பொழுதுபோக்கு முடிவதில்லை. கேட்டதை எழுதி அனுப்ப வேண்டும். தேதி, நேரம், அதிர்வெண், என்ன நிகழ்ச்சி, எவ்வளவு தெளிவு என்று எழுதினால், அது சரிதான் என்று உறுதிசெய்து நிலையத்தார் ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். கியூ.எஸ்.எல். அட்டை என்று அதற்குப் பெயர். தெளிவைச் சொல்ல ஐந்து எண்கள் உண்டு: ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏறி இறங்கும் தன்மை, மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை போட வேண்டும். ஐந்து என்றால் குறையே இல்லை என்று பொருள்.

தொடக்கத்தில் நான் எல்லாருக்கும் ஐந்து ஐந்தாகவே போட்டேன். நம் வீட்டு விருந்தாளியிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் அவர் உப்புக் குறைவு என்றா சொல்வார்? அந்த மரியாதையை நானும் காட்டினேன். ஒரு சித்திரை மாதம் எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயிலில் கொடைத் திருவிழா. வில்லுப்பாட்டு விடிய விடிய நடந்தது. அன்றிரவு நான் பெட்டியைத் தொடவே இல்லை. ஆனாலும் வாரம் தவறாமல் எழுதும் பழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று, ஒரு வெளிநாட்டு நிலையம் முன்கூட்டியே அனுப்பியிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, கேட்டது போலவே எழுதி, ஐந்து ஐந்துகளையும் போட்டு அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அட்டை இல்லை, நான்கு வரிக் கடிதம் மட்டும்: தாங்கள் குறிப்பிட்ட இரவில் பழுது காரணமாக அந்த அலைவரிசையில் ஒலிபரப்பே நடைபெறவில்லை, ஆயினும் தெளிவாகக் கேட்ட தங்கள் பெட்டியைப் பாராட்டுகிறோம். கடிதத்தைப் படித்துவிட்டு என் அண்ணன், “ஏல, கொடையன்னைக்கு நீ கேட்டது வில்லுப்பாட்டுல்லா?” என்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் நிற்கிறது.

கேட்டதை எழுதி அனுப்பும் அந்த அறிக்கை ஒரு சாட்சி. தன் ஒலி நெல்லைச் சீமையில் எப்படி விழுகிறது என்பது அனுப்புகிற பொறியாளருக்குத் தெரியாது. இங்கே இருப்பவன் எழுதினால்தான் தெரியும். குறுக்கீடு இரண்டு என்று நான் உள்ளபடி எழுதியதற்கு வந்த அட்டைகளைத்தான் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பொய்யாக ஐந்து போட்டு வாங்கியவை எந்தப் பெட்டியில் கிடக்கின்றனவோ.

நேரக் கணக்கிலும் கவனம் வேண்டும். அறிக்கையில் உலக நேரத்தைத்தான் எழுத வேண்டும். அது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கிறது; ஆகவே இரவு 9.15-க்கு நாம் கேட்ட தமிழோசை, அறிக்கையில் 15.45 ஆகும். நள்ளிரவு தாண்டி விடியற்காலை ஐந்தரைக்குள் கேட்டால் முந்தின நாள் தேதியைப் போட வேண்டும். இதில் தவறாதவர்கள் குறைவு.

தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. இன்று எஞ்சியிருக்கும் நிலையங்களைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் குறிப்பெடுத்து வந்தேன்; ஆனால் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் அலுவலர் இரண்டு விரலைக் காட்டுகிறார், கொடைக் கதையில் நேரம் போய்விட்டது. ஆகவே சுருக்கமாக: வீட்டில் எல்.இ.டி. விளக்கையும் கைப்பேசிச் சார்ஜரையும் அணைத்துவிட்டு, பெட்டியோடு மொட்டைமாடிக்குப் போங்கள். பத்து மீட்டர் செம்புக்கம்பியைப் பெட்டியின் ஏரியலில் சுற்றி, மறுமுனையைத் தென்னையில் கட்டுங்கள். ஐப்பசி இடிமழையில் மட்டும் கழற்றிவிடுங்கள். முள்ளை 31 மீட்டரில், 9400-க்கும் 9900 கிலோ ஹெர்ட்ஸுக்கும் நடுவில் மெதுவாக நகர்த்துங்கள். யார் குரலாவது கேட்டால் கடிகாரத்தைப் பார்த்து, ஐந்தரை மணியைக் கழித்து எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.