சொல்லை மேடையை விட்டு இறக்காதீர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நவீன கவிதை நடனமாகும்போது அதன் வரிகளும் மேடையில் ஒலிக்க வேண்டுமா, உடல் மட்டும் போதுமா? ஒலித்தே ஆக வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன்.

"காது சொல்லைப் பிடித்தால் கண் ஆட்டத்தை விட்டுவிடும்" என்றார் எதிரணி நண்பர். எப்போது விடும்? இரண்டும் ஒன்றையே சொல்லும்போது! ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்டின் 'ஃபோர் குவார்ட்டெட்ஸ்' என்ற, நான்கு கவிதைகள் சேர்ந்த நெடுங்கவிதையில் முதலாவதான 'பேர்ன்ட் நார்ட்டன்' இருக்கிறதே, அதன் நான்காம் பகுதி பத்தே வரி. கருமேகம், சூரியகாந்தி, கொடி, மீன்கொத்தியின் சிறகு என்று பிம்பங்கள் முண்டியடித்து வரும். ஒவ்வொன்றுக்கும் கை காட்டப் போனால் ஆடுபவர் கடைசி வரை வரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார். பரதத்தில் பதம் என்ற அபிநயப் பாடலை ஆடும்போது அது முடியும். பாடகர் ஒரே வரியைப் பலமுறை பாடுவார், ஒரே கருத்தைப் பலவிதமாக அபிநயித்துக் காட்டும் சஞ்சாரியை விரிக்க அவகாசம் உண்டு. இங்கே வரி ஒரே தடவைதான் வரும், போய்விடும். கைமுத்திரையில் நேர்ந்த பிழைக்குச் சொல்லைத் தண்டிப்பது என்ன நியாயம்?

2018-இல் அமெரிக்க நடன அமைப்பாளர் பாம் டேனோவிட்ஸ் 'ஃபோர் குவார்ட்டெட்ஸ்' முழுவதையும் நியூயார்க் மாநிலத்தின் பார்ட் கல்லூரி அரங்கில் நடனமாக அரங்கேற்றினார். நடிகை கேத்லீன் சால்ஃபன்ட் கவிதையை நேரடியாக வாசித்தார். இசை கையா சாரியாஹோ, ஓவியங்கள் பிரைஸ் மார்டன். ஆட்டம் வரிகளுக்குப் படம் வரையவில்லை. தன் வழியே போனது. சொல்லும் உடலும் ஒரே மேடையில் இருக்க முடியும் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் வேலை தெரிந்து செய்ய வேண்டும். வாசிப்பவர் முதல் ஒத்திகையிலிருந்தே உடனிருக்க வேண்டும். மனிதக் குரல் ஒருநாள் வேகம், ஒருநாள் நிதானம். ஒன்று முதல் எட்டு வரை எண்ணி அடி வைக்கும் எண்ணிக்கையை நம்பி ஆடினால் மூன்றாவது பத்தியிலேயே ஆட்டம் நழுவும். அதனால் எண்ணிக்கை வேண்டாம், பத்தியின் கடைசிச் சொல்லையே ஆடுபவருக்குக் குறிப்பாகக் கொடுங்கள். பிம்பத்துக்கு உறவான அசைவு இருந்தே தீருமென்றால் இரண்டு மூன்று நொடி முந்தியோ பிந்தியோ வரட்டும். பார்ப்பவர் மனம் தானே இணைத்துக்கொள்ளும். இசையிலும் கவனம் வேண்டும். குரல் இருக்கும் அதே ஸ்தாயியில் செல்லோ என்ற தந்தி வாத்தியம் நீண்டு ஒலித்தால் மெய்யெழுத்துகள் கரைந்து வெறும் முனகலே மிஞ்சும். நீண்ட இசையைப் பத்திகளுக்கு இடையில் வையுங்கள்.

கவிதையின் தத்துவ வரிகள் கனமாக இருக்கின்றன என்றார்கள் எதிரணியினர். உண்மைதான். அங்கே வெட்ட வேண்டியது வரியை அல்ல, மேடையில் ஆடுபவர்களின் கூட்டத்தை. ஒருவரை மட்டும் நிறுத்தி, மெல்ல ஆட விடுங்கள். எலியட் 1965-இல் மறைந்தவர். பிரிட்டனில் பதிப்புரிமை 2035 முடியும் வரை நீடிக்கும். நினைத்தபடி கத்தரிக்க அனுமதியும் வேண்டும்.

இன்னொன்று, நடுவர் அவர்களே. 1935-இல் எலியட் எழுதிய 'மர்டர் இன் த கதீட்ரல்' நாடகத்திலிருந்து நீக்கப்பட்ட வரிகளிலிருந்துதான் 'பேர்ன்ட் நார்ட்டன்' முளைத்தது. நடிகரின் தொண்டைக்கென்று பிறந்த வரிகள் அவை. மேடையேறும் நாளில் அவற்றையே ஊமையாக்கச் சொல்லும் எதிரணி, அதற்கு முதலில் பதில் சொல்லட்டும்!