பிரித்தால் காட்டிக்கொடுக்கும் அட்டை: ஐடி கார்டில் பாதுகாப்பு எப்படி அமைகிறது?

[காட்சி: பழைய விண்ணப்பத் தாள். ஒட்டிய போட்டோவின் ஓரத்தில் வட்ட முத்திரை.]

வணக்கம். இந்த முத்திரையைக் கொஞ்சம் கவனியுங்கள். பாதி வட்டம் போட்டோ மேல் விழுந்திருக்கிறது, மீதிப் பாதி தாள் மேல். நம் எல்லோர் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு தாளாவது இருக்கும். வேண்டுமென்றேதான் அப்படிக் குத்துவார்கள். போட்டோவை உரித்து வேறு முகத்தை ஒட்டினால் வட்டம் சேராது. முத்திரை போட்டோவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை. உரிக்க யாராலும் முடியும், உரித்தது தெரிந்துவிடும். அவ்வளவுதான் அதன் வேலை.

சோழர் காலத்துச் செப்பேடுகளிலும் இதே யோசனைதான். லைடன் செப்பேடு என்று சொல்கிறோமே, அந்த ஆனைமங்கலம் பெரிய செப்பேட்டில் 21 ஏடுகள். எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் முனைகள் சேரும் இடத்தில் ராஜேந்திர சோழனின் முத்திரையை வைத்திருக்கிறார்கள். ஓர் ஏட்டை உருவவோ, நடுவில் ஒன்றைச் செருகவோ நினைத்தால் வளையத்தை வெட்டியாக வேண்டும். ஒரு செப்பேடு கைக்கு வந்தபோது வளையம் முழுதாக இருந்ததா, வெட்டுப்பட்டிருந்ததா என்று ஆய்வாளர்கள் குறித்து வைப்பது அதனால்தான்.

[காட்சி: தாராவி 90 அடி சாலை. சந்துக்குள் ஒரு பிரிண்டிங் கடை.]

எங்கள் கடை இங்கேதான். பள்ளிக்கூடம், ஹவுசிங் சொசைட்டி, சின்னக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் ஐடி கார்டு அடித்துக் கொடுக்கிறோம். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சேமிப்புக் குழுவுக்கு, வாரா வாரம் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்குபவர்களுக்கான அட்டை செய்தோம். காகிதத்தில் பிரிண்ட், மேலே லேமினேஷன் பவுச். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவர் பவுச்சின் ஓரத்தைப் பிரித்து, செல்லுபடியாகும் வருஷத்தை மாற்றி, திரும்ப ஒட்டி, இரண்டு வாரம் வசூல் செய்துவிட்டார். பணம் போனது இட்லி விற்கிற, பாத்திரம் தேய்க்கிற பெண்களுக்கு. அட்டை எங்கள் கடையில் அடித்தது. இப்போது அந்தக் குழு புது அட்டை கேட்டிருக்கிறது. அதை வடிவமைக்கும்போது யோசித்ததைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

இந்த ஊரில் அட்டையின் மதிப்பு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். மும்பையில் 1976-ல் குடிசைக் கணக்கெடுப்பு நடந்தபின் கொடுத்த அடையாள அட்டையையும், குடிசைவாசிகளுக்கான படம் ஒட்டிய ‘போட்டோ பாஸ்’ சான்றையும் இன்றும் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. குடிசைகளை எடுத்துவிட்டு வீடு கட்டித்தரும் தாராவி மறுசீரமைப்பில், இங்கேயே இலவச வீடு கிடைக்க, 2000 ஜனவரி 1-க்கு முன்பே இங்கே இருந்தோம் என்று காட்ட வேண்டும். அதற்குக் கையில் இருப்பவை இந்த மாதிரிக் காகிதங்கள்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் காகிதத்தில் தேதியைத் திருத்தியது தெரிந்தால், ஒழுங்காக வைத்திருப்பவரின் காகிதத்தையும் சந்தேகமாகத்தான் புரட்டுவார்கள்.

[காட்சி: மேசை மேல் மூன்று அட்டைகள். பவுச், பிவிசி, பாலிகார்பனேட்.]

சரி, முதலில் பொருள். அட்டை அளவு உலகம் முழுக்க ஒன்றுதான்: 85.60 மில்லிமீட்டர் நீளம், 53.98 அகலம், 0.76 கனம். பவுச் அட்டையின் பலவீனம் அதன் ஓரம். உள்ளே ஒரு தாள், வெளியே இரண்டு பிளாஸ்டிக், நடுவில் பசை. பசை இருந்தால் பிரிக்க வழியும் இருக்கும். டிராகன் ஷீட் என்கிற பிளாஸ்டிக் தாளில் அடித்து, ஃபியூசிங் மெஷினில் சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்கிற பிவிசி அட்டை பவுச்சை விட எவ்வளவோ தேவலாம். அதைப் பிரிக்கப் பார்த்தால் படமும் சேர்ந்து கிழியும்.

பல நாடுகளின் பாஸ்போர்ட்டில் வரும் பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக் இன்னும் ஒரு படி மேலே. பல அடுக்குகள் பசையே இல்லாமல் உருகி ஒன்றாகிவிடும். பிறகு லேசர், மேல் அடுக்கைத் தொடாமல் ஊடுருவி, உள் அடுக்கைக் கருக்கி முகத்தை வரைகிறது. சுரண்டி எடுக்க மேலே மையே கிடையாது. அந்தப் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதும் கருகல் என்பதால்தான். எங்கள் மாதிரிக் கடைக்கு அது எட்டாத செலவு, அதனால் பிவிசியில் என்ன முடியும் என்று பார்ப்போம்.

[காட்சி: அட்டையின் போட்டோ பகுதி மட்டும், பெரிதாக.]

போட்டோதான் எல்லோரும் கை வைக்கிற இடம். இங்கே அந்த அரை வட்ட முத்திரையைத் திரும்பக் கொண்டுவருகிறோம். போட்டோவுக்குச் சதுரமாக எல்லை போடாதீர்கள். எல்லை போட்டால் எங்கே வெட்டுவது என்று நாமே கோடு கிழித்துக் கொடுத்த மாதிரி. ஓரத்தை மங்கலாக்கிப் பின்னணியோடு கலக்க விடுங்கள். கோலம் மாதிரிப் பின்னிப் பின்னி ஓடும் மெல்லிய கோடுகள் அட்டை முழுக்கப் போய், முகத்தின் ஓரத்தின் மேலும் ஏறட்டும். கில்லோஷ் என்பது இந்தக் கோடுகள்தான். அப்புறம் அதே முகம், சின்னதாக, வெளிறிப்போய் இன்னொரு மூலையிலும் இருக்கட்டும். செல்லுபடியாகும் தேதி அந்தச் சின்ன முகத்தின் குறுக்கே ஓடட்டும். தேதியை மாற்ற நினைப்பவர் முகத்தையும் தொட வேண்டிவரும், முகத்தைத் தொட்டால் கோடு அறுந்துபோகும்.

கோடுகளுக்குத் தனி மை வேண்டும். கலர் பிரிண்டர் எந்த நிறத்தையும் நாலு மையின் புள்ளிகளால்தான் உருவாக்குகிறது. தகடு வைத்து அடிக்கும் ஆஃப்செட்டில் தனி நிறமாக அடித்த கோட்டை லூப், அதாவது உருப்பெருக்கிக் கண்ணாடி, வைத்துப் பார்த்தால் முழுக்கோடாகத் தெரியும். அதையே ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுத்தால் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும்.

[காட்சி: லூப் வழியே நுண்ணெழுத்து.]

இதற்கு அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நுண்ணெழுத்து. கண்ணுக்குக் கோடு மாதிரித் தெரியும், லூப் வைத்தால் எழுத்தாகத் தெரியும். உயரம் கால் மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாங்கள் வைத்திருக்கும் அட்டைப் பிரிண்டர் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி போடும். அதாவது கால் மில்லிமீட்டருக்கு மூன்றே புள்ளிகள். மூன்று புள்ளியில் எந்த மொழி எழுத்தும் நிற்காது. 2400 புள்ளி அடர்த்தியில் செய்த ஆஃப்செட் தகட்டில் அதே உயரத்துக்கு 23, 24 புள்ளி கிடைக்கும். அதனால் நுண்ணெழுத்தை ஷீட்டிலேயே முன்கூட்டி ஆஃப்செட்டில் அடித்துக்கொண்டு, பெயரையும் முகத்தையும் பிறகு கடையில் ஏற்றுகிறோம்.

தமிழில் நுண்ணெழுத்து போட முடியாது, சுழி அடைத்துக்கொள்ளும் என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள். எனக்கு அதுதான் வசதியாகத் தெரிகிறது. ‘அண்ணன்’ என்று வரிசையாக அடித்துப் பார்த்தோம். நல்ல அச்சில் ண, ன இரண்டும் பிரிந்து தெரிகின்றன. நகல் எடுத்ததும் முதலில் அடைபடுவது ண-வின் சுழிகள். எது ண, எது ன என்றே சொல்ல முடியவில்லை. இந்த வேலைக்கு நம் எழுத்தை விடப் பொருத்தமான எழுத்து எனக்குத் தெரியவில்லை.

ஹாலோகிராம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சந்தையில் ரோல் ரோலாகக் கிடைக்கும் ‘ஜெனுவைன்’ ஸ்டிக்கரை வாங்கி ஒட்டாதீர்கள். நீங்கள் வாங்கும் அதே கடையில் அடுத்தவரும் வாங்குவார். உங்கள் சின்னத்தோடு தனியாகச் செய்ய முடிந்தால் மட்டும் போடுங்கள், அதுவும் போட்டோவின் ஓரத்தின் மேல் படுகிற மாதிரி.

[காட்சி: க்யூஆர் கோடு, அருகே போன்.]

இனி க்யூஆர். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். க்யூஆரில் வெறும் வெப்சைட் முகவரி இருந்தால், போலி அட்டையில் போலி வெப்சைட்டின் முகவரி இருக்கும். அங்கே பச்சை நிறத்தில் ‘சரி’ என்று வரும். பாதுகாப்பு க்யூஆரில் இல்லை, அதற்குள் இருக்கும் டிஜிட்டல் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஆதார் பிவிசி அட்டை 2020 அக்டோபரில் வந்தது. ஹாலோகிராம், நுண்ணெழுத்து, வெளிறிய முகம், கில்லோஷ் எல்லாம் அதில் உண்டு. ஆனால் உண்மையான பலம் அதன் க்யூஆர்தான். சாதாரண ஸ்கேனரில் பார்த்தால் நீளமாக எண்கள் மட்டும் வரும். ஆதாருக்கான ஸ்கேனர் ஆப்பில் பார்த்தால் பெயரோடு முகமும் வரும். அந்தத் தகவல் முழுவதிலும் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறது. கையெழுத்துப் போடும் சாவி, அதாவது ஒரு ரகசிய எண், அவர்களிடம் மட்டும், சரிபார்க்கும் சாவி எல்லோரிடமும். உள்ளே ஓர் எழுத்தை மாற்றினாலும் கையெழுத்து பொருந்தாது. வேறொருவரின் க்யூஆரை எடுத்து ஒருவர் தன் அட்டையில் ஒட்டினால், திரையில் வரும் முகமும் எதிரே நிற்கும் முகமும் வேறு வேறாக இருக்கும்.

இதே முறையைச் சின்னக் குழுவும் செய்யலாம், அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே நிபந்தனை, கையெழுத்துச் சாவி பிரிண்டிங் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. எங்கள் கடையிலும்தான். குழுவின் பொறுப்பாளர் தன்னிடம் வைத்துக்கொண்டு, கையெழுத்தான க்யூஆரை மட்டும் எங்களுக்கு அனுப்பட்டும்.

[காட்சி: வாசல்படியில் ஒரு பாட்டி, கையில் மாதிரி அட்டை.]

இவ்வளவும் செய்து, மாதிரி அட்டையைக் குழுவில் இருக்கும் ஒரு பாட்டியிடம் கொடுத்தோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எளுத்தெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. தடவிப் பாத்தா தெரியுத மாதிரி ஒண்ணு வச்சுக் கொடு.”

நான் அரை மணி நேரம் லூப்பைப் பற்றி அவரிடம் பேசியிருந்தேன். காலையில் அடுப்பு எரியும்போது வாசலில் வந்து நிற்கும் ஆளை அவர் எந்த லூப் வைத்துப் பார்ப்பார்? கண்ணும் கையும் போதுமானவை ஒரு வகை, சின்னக் கருவி வேண்டியவை இன்னொரு வகை, ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியவை மூன்றாவது வகை என்று இந்தத் துறையில் பிரிப்பார்கள். பணம் போவதும் நிற்பதும் முதல் வகையில்தான். ஐந்நூறு ரூபாய் நோட்டைச் சாய்த்தால் பாதுகாப்பு இழை பச்சையிலிருந்து நீலமாகும், ஓரத்தில் ஐந்து கோடுகள் விரலுக்குத் தட்டும். அதைப் பாட்டி எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்.

ஆகவே வடிவத்தை மாற்றினோம். வலது ஓரத்தில் தடித்த வார்னிஷில் மேடான மூன்று கோடுகள். ஒவ்வொரு வருஷமும் அட்டையின் நிறமும், கோடுகளின் எண்ணிக்கையும் மாறும். இந்த வருஷம் மஞ்சள், மூன்று கோடு. பழைய அட்டையை எப்படித் திருத்தினாலும் மொத்த நிறத்தை மாற்ற முடியாது. சந்தேகம் வந்தால் வீட்டில் இருக்கும் பேத்தி போனில் க்யூஆர் பார்க்கட்டும். தகராறு முற்றினால் லூப்போடு நாங்கள் வருகிறோம்.

[காட்சி: கடைக்குள் ஒரு நோட்டுப் புத்தகம், கத்தரிக்கோல்.]

கடைசியாக, எங்கள் பக்கத்து வேலை. முன்கூட்டி அடித்த வெற்று ஷீட் வெளியே போனால் மேலே சொன்ன எதற்கும் பயன் இல்லை. அதனால் ஒவ்வொரு வெற்று அட்டைக்கும் பின்னால் வரிசை எண் அடித்திருக்கிறோம். எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை வீணானது என்று மூன்று பத்தியாக இந்த நோட்டில் எழுதுகிறோம். நேற்று 40 அட்டை எடுத்ததில் 37 போயிற்று, 3 வீண். இதோ அந்த மூன்று. முகத்தின் குறுக்கே வெட்டி, எண்களை மட்டும் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறோம்.