முன்வாசலில் சாய்தளம், பின்வாசலில் படிக்கட்டு: சுற்றுலாத் துறையில் மாற்றுத்திறனாளி ஊழியர்கள்

[காட்சி: ஒரு ஹோட்டலின் முகப்பு. கேமரா கட்டடத்தைச் சுற்றிப் பின்புறம் செல்கிறது.]

குரல்: புதிதாகக் கட்டப்படும் ஹோட்டல்களின் முகப்பில் சாய்தளமும், தானாகத் திறக்கும் கதவும், சக்கர நாற்காலி நுழையக்கூடிய சில அறைகளும் இருப்பது இன்று ஓரளவு வழக்கமாகிவிட்டது. அதே கட்டடத்தின் பின்புறம் போய்ப் பார்த்தால், ஊழியர்கள் உள்ளே வரும் வழி பல இடங்களில் சரக்கு இறக்கும் மேடையை ஒட்டிய நான்கைந்து படிகளாகவும், உடை மாற்றும் அறை அடித்தளத்திலும், வருகைப் பதிவுக் கருவி நின்றால் மட்டுமே எட்டும் உயரத்திலும் இருக்கும். மாற்றுத்திறனாளி ஒருவர் இங்கே விருந்தினராக வருவார் என்று யோசித்தவர்கள், அவர் சம்பளம் வாங்கும் ஊழியராகவும் வரலாம் என்று யோசிக்கவில்லை. இந்த வீடியோ அந்தப் பின்வாசலைப் பற்றியது.

உலக மக்களில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஏறக்குறைய 16 சதவீதத்தினர், குறிப்பிடத்தக்க அளவு குறைபாட்டுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. 2006 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டு, 2008 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை, இவர்களைச் சுற்றுலாவின் இரண்டு பக்கத்திலும் வைத்துப் பேசுகிறது: 30ஆவது பிரிவு சுற்றுலாச் சேவைகளை அனுபவிக்கும் உரிமையையும், 27ஆவது பிரிவு மற்றவர்களுக்குச் சமமாக வேலை பார்க்கும் உரிமையையும் சொல்கிறது. முதலாளிக்கு அளவுமீறிய சுமையாகாத நியாயமான ஏற்பாட்டை, அதாவது ஒருவரின் தேவைக்கேற்ற மாற்றத்தை, செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதன் 2ஆவது பிரிவு வரையறுக்கிறது.

செலவைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகைப்படுத்தப்பட்டதே. அமெரிக்காவில் 1983 முதல் முதலாளிகளுக்கு இலவச ஆலோசனை வழங்கிவரும் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் நடத்திய கணக்கெடுப்புகளில், இத்தகைய ஏற்பாடுகளில் ஏறத்தாழப் பாதிக்கு ஒரு காசும் செலவாகவில்லை என்றே முதலாளிகள் தெரிவித்திருக்கிறார்கள். ஷிப்ட் நேரத்தைச் சற்று மாற்றுவதற்கும், இரண்டு பேருக்குள் வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கும் எந்தக் கொத்தனாரும் தேவையில்லை.

[காட்சி: வேலை வாய்ப்பு விளம்பரம். சில வரிகள் ஒவ்வொன்றாக அடிக்கோடிடப்படுகின்றன.]

தடை விளம்பரத்திலேயே தொடங்கிவிடுகிறது. முன்பதிவுப் பிரிவில் நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு "நீண்ட நேரம் நிற்கக் கூடியவராக இருக்க வேண்டும்" என்றும், "கவர்ச்சியான தோற்றம்" என்றும், "ஓட்டுநர் உரிமம் அவசியம்" என்றும் பழைய விளம்பரத்திலிருந்து வரிகளை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். அந்த வேலைக்கு உண்மையில் என்ன தேவை என்று ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பார்த்தால், இவற்றில் பாதி தானாக விழுந்துவிடும். நேர்காணலுக்கு அழைக்கும்போது, சைகை மொழிபெயர்ப்பாளரோ கூடுதல் நேரமோ வேறு ஏதேனும் ஏற்பாடோ தேவையா என்று எல்லா விண்ணப்பதாரர்களிடமும் கேட்பது நல்லது. சிலரிடம் மட்டும் கேட்டால் அது விசாரணை போலாகிவிடும்.

[காட்சி: வரவேற்பு மேசை, முதலில் விருந்தினர் பக்கமிருந்து, பிறகு ஊழியர் பக்கமிருந்து.]

இந்த வரவேற்பு மேசையைக் கவனியுங்கள். சக்கர நாற்காலியில் வரும் விருந்தினருக்காக ஒரு பகுதியைத் தாழ்வாக அமைத்து, அடியில் முழங்கால் நுழைய இடமும் விட்டிருக்கிறார்கள். மறுபக்கம் வாருங்கள்: இழுப்பறைகள், பிரிண்டர், சாவி அட்டைக் கருவி, ஒயர்க் குவியல். நாற்காலியில் அமர்ந்தபடி ஒருவர் வேலை செய்ய, மேசைக்கு அடியில் காலியிடமும், பின்னால் நாற்காலி முழுவதும் திரும்புவதற்குச் சுமார் ஒன்றரை மீட்டர் இடமும் வேண்டும். பின்வாசல் படிகளுக்கும் கணக்கு எளிது. பல நாடுகளில் பின்பற்றப்படும் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில், 60 சென்டிமீட்டர் உயரத்தை ஏற 7.2 மீட்டர் நீளச் சாய்தளம் தேவை; இடம் போதவில்லை என்றால் திரும்பி ஏறும் வகையில் நடுவில் சமதளத்துடன் கட்டலாம். குப்பைத் தொட்டிகளை அதன்மேல் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வதுதான், சொல்லப்போனால், கட்டுவதைவிடக் கடினம்.

[காட்சி: விருந்தினர் அறையில் ஒரு பெண் படுக்கை விரிப்பை மாற்றுகிறார். மேலே தீ எச்சரிக்கை மணி ஒலிக்கிறது, அவர் திரும்பவில்லை.]

ஹவுஸ்கீப்பிங் பிரிவில் காது கேளாதவர்களை நியமிக்கும் நிறுவனங்கள் பலவும் கவனிக்கத் தவறுவது இதுதான். ஒளிரும் தீ எச்சரிக்கை விளக்கு, மாற்றுத்திறனாளி விருந்தினருக்கென ஒதுக்கிய சில அறைகளில் மட்டும் இருக்கும். ஆனால் அறைகளைச் சுத்தம் செய்பவர் தினமும் மற்ற அறைகளில், கதவுக்குப் பின்னால், தனியாக இருக்கிறார். உடலில் அணியும் அதிரும் கருவி, அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்திருக்கும் ஒரு சக ஊழியர் ஆகிய இரண்டும் சேர்ந்தால்தான் ஏற்பாடு முழுமையாகும். லிப்ட் நின்றுபோனால் அடித்தளத்திலிருந்து வெளியேற முடியாத ஊழியருக்கும் இதேபோல் அவரவருக்கான வெளியேற்றத் திட்டத்தை எழுத்தில் வைத்து, ஒத்திகையிலும் அவரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒத்திகை நாளில் "நீங்கள் இங்கேயே இருங்கள்" என்று சொல்லி அவரை விட்டுவிட்டால், அந்தத் திட்டம் வேலை செய்யுமா என்பது யாருக்கும் தெரியாது.

பார்வையற்ற ஒருவர் முன்பதிவுப் பிரிவில் திறம்படப் பணியாற்ற முடியும். ஆனால் நிறுவனம் வாங்கிய மென்பொருளின் பொத்தான்களுக்குப் பெயரிடப்படவில்லை என்றால், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரை வாசிப்பான் ஒவ்வொன்றையும் "பொத்தான், பொத்தான்" என்று மட்டுமே படிக்கும். வாங்கிய பிறகு சரிசெய்வது கடினம் என்பதால், மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டுமே ஒரு முன்பதிவைச் செய்து காட்டும்படி விற்பனையாளரிடம் ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள ஊழியர்களுக்கு, குளியலறைச் சுத்தத்தின் ஒவ்வொரு படியையும் படமாகக் காட்டும் அட்டை ஒன்று தள்ளுவண்டியில் தொங்கினால் போதும். புதிதாகச் சேரும் எல்லோருமே அதைப் பயன்படுத்திக்கொள்வார்கள்.

[காட்சி: நாட்காட்டியின் மாதங்கள் வேகமாகப் புரள்கின்றன.]

சுற்றுலாவுக்கே உரிய ஒரு சிக்கல் பருவகால வேலை. சில மாத ஒப்பந்தத்தில் வரும் ஒருவர் கேட்ட நாற்காலி, கோப்பு மேசைமேசையாக நகர்ந்து வந்து சேரும்போது பருவம் முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு புதிய மேலாளரிடம் தன் உடல்நிலையை அவர் மறுபடியும் முதலிலிருந்து விளக்க வேண்டும். ஒப்புக்கொண்ட ஏற்பாடுகளை மட்டும், மருத்துவ விவரங்கள் இல்லாமல், ஒரு பக்கத்தில் எழுதி ஊழியரின் கையிலேயே கொடுத்துவிட்டால், மேலாளர் மாறினாலும் கிளை மாறினாலும் அது அவருடன் செல்லும்.

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. வேலைக்கு எடுத்த பிறகும் மாற்றுத்திறனாளிகளைச் சலவைப் பிரிவிலும் பாத்திரம் கழுவும் இடத்திலும் மட்டுமே நிறுத்திவைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த இடங்களுக்கு டிப்ஸ் எளிதில் வந்து சேர்வதில்லை. விருந்தினருடன் பேசிப் பெறும் அனுபவம் இல்லாததால் பதவி உயர்வுப் பட்டியலிலும் பெயர் ஏறுவதில்லை. எத்தனை மாற்றுத்திறனாளிகள் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணும் நிறுவனம், அவர்களில் எத்தனை பேர் முன்மேசையிலும் மேற்பார்வைப் பொறுப்பிலும் இருக்கிறார்கள் என்பதையும் அதே அறிக்கையின் அடுத்த வரியில் எழுத வேண்டும்.