சிட்-அவுட்டுக்குக் கல் தரை: கலருக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

வணக்கம். இன்றைக்கு ஒரே விஷயம்தான், வீட்டு முன்பக்கச் சிட்-அவுட்டுக்குக் கல் தரை போடுவது. நான் நிற்பது செங்கல்பட்டு பக்கம் நான் வரைந்து கொடுத்த ஒரு வீட்டில். கிழக்குப் பார்த்த வாசல். சிட்-அவுட் 14 அடிக்கு 8 அடி. கார் நிற்கும் இடம் அந்தப் பக்கம் தனியாக இருக்கிறது. இது உட்காருவதற்கு மட்டும்.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கலரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே கிரே வேண்டும் சார்" என்பார்கள். நான் முதலில் கேட்பது வேறு. வாசல் எந்தத் திசை, சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கும், மதிய வெயில் தரையில் விழுமா, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? இதற்கெல்லாம் பதில் தெரிந்துவிட்டால் எந்தக் கல் என்பது பாதி முடிவான மாதிரிதான்.

இந்த வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நமக்கு வடகிழக்கிலிருந்து வருவது. கிழக்கு வாசல் என்றால் சாரல் நேராக உள்ளே வரும். மேலே பாருங்கள், ரூஃப் ஸ்லாபை 3 அடி வெளியே நீட்டியிருக்கிறோம். அப்படியும் காற்றோடு பெய்தால் முன்பக்கத் தரை நனையத்தான் செய்யும். நனையும் தரைக்குக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட கல் வேண்டவே வேண்டாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஈரக் காலோடு ஒரு பாட்டி வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். அதைவிட அழகு பெரிதில்லை.

சரி, கல்லுக்கு வருவோம். நம் பக்கம் எளிதாகக் கிடைப்பவை கடப்பா, தாண்டூர், கோட்டா, அப்புறம் கிரானைட். முதல் மூன்றும் சுண்ணாம்புக் கல் வகை. கடப்பா கருப்பு, ஆந்திராவிலிருந்து வருகிறது. தாண்டூர் தெலங்கானா, நீலச் சாம்பலிலும் மஞ்சளிலும் கிடைக்கும். கோட்டா ராஜஸ்தானிலிருந்து வரும் பச்சை கலந்த கல். மூன்றும் கிரானைட்டைவிட விலை குறைவு, நிழலில் காலுக்கும் இதமாக இருக்கும். ஆனால் சுண்ணாம்புக் கல்லுக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விழுந்து அப்படியே கிடந்தால், துடைத்த பிறகும் அந்த இடம் மங்கலாகத் தெரியும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கொண்டுவந்து இதில் ஊற்றினால் மேல்பரப்பே அரித்துப் போகும். வேலைக்கு வருகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடப்பாவில் இன்னொன்று. அது ஏடு ஏடாகப் படிந்த கல். வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் இடத்தில் சில பலகைகள் மேல் ஏட்டை உரித்துக்கொண்டு கிளம்பும். கருப்பு என்பதால் வெயிலில் காலே வைக்க முடியாது. மேற்குப் பார்த்த சிட்-அவுட்டுக்குக் கடப்பாவை நான் சொல்லவே மாட்டேன்.

இங்கே போட்டிருப்பது சாம்பல் நிறக் கிரானைட், பெங்களூர் பக்கத்துச் சாதரஹள்ளிக் கல். ஃபிளேம் ஃபினிஷ். கேமராவைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்கள். மணல் ஒட்டினாற்போல் சின்னச் சின்னக் குழியும் மேடுமாக இருக்கிறது இல்லையா? அறுத்த பலகை மேல் கேஸ் டார்ச்சின் தீயை ஓட்டுவார்கள். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் மணிகள் அந்தச் சூட்டில் சட்டென்று விரிந்து மேல்தோலை உதறித் தள்ளிவிடும். அதனால்தான் இந்தச் சொரசொரப்பு. பலகை மெல்லியதாக இருந்தால் தீ பட்டதும் விரிசல் விட்டுவிடும், 20 மி.மீ. கனமாவது வேண்டும். கருப்புக் கிரானைட்டில் ஃபிளேம் கேட்காதீர்கள். அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு, இப்படி வராது. கருப்புதான் வேண்டும் என்றால் லெதர் ஃபினிஷ், அதாவது தோல் மாதிரி லேசான மேடு பள்ளத்தோடு பளபளப்புக் குறைவாக இருக்கும் பரப்பு, நன்றாக இருக்கும்.

கல் விற்கும் யார்டுக்குப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோங்கள். பலகையின் பின்பக்கத்தில் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தண்ணீர் அப்படியே நின்றால் நல்லது. உறிஞ்சிக் கருத்துவிட்டால் அந்தக் கல் நாளைக்கு எண்ணெயையும் உறிஞ்சும், கலவையின் உப்பையும் மேலே கொண்டுவரும். முன்பக்கத்தையும் நனைத்துப் பாருங்கள். காய்ந்த கல்லின் கலர் வேறு, நனைந்த கல்லின் கலர் வேறு. மழைக்காலத்தில் நீங்கள் பார்க்கப்போவது இரண்டாவதைத்தான்.

இப்போது வாட்டம், அதாவது தண்ணீர் வழிந்தோடத் தரைக்குக் கொடுக்கும் சாய்வு. எனக்குக் கல்லைவிட இதுதான் முக்கியம். ஒரு சொம்புத் தண்ணீரை நிலைப்படிக்குப் பக்கத்தில் ஊற்றுகிறேன். எங்கேயும் தேங்காமல் நேராகப் படியை நோக்கி ஓடுகிறது, பார்த்தீர்களா? எட்டடி ஆழத்துக்கு 1 இஞ்ச் வாட்டம் கொடுத்திருக்கிறோம். நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது, நாற்காலியும் ஆடாது. வாட்டத்தைக் கல் போடும் நாளில் யோசிக்காதீர்கள். அடியில் கான்கிரீட் போடும்போதே அது வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரி ஒரு ஓரத்தில் கலவையைக் கனமாகவும் இன்னொரு ஓரத்தில் மெல்லியதாகவும் போட்டுச் சமாளிப்பார். கனம் ஒரே சீராக இல்லாத இடத்தில்தான் அடியில் வெற்றிடம் விழும். போட்டு முடித்த பிறகு ஒவ்வொரு பலகையையும் மரச் சுத்தியால் தட்டிக் கேளுங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் அந்தப் பலகையை எடுத்து மறுபடியும் போடச் சொல்லுங்கள். ஜாயிண்ட் காய்வதற்கு முன்னால் என்றால் சுலபமாக முடிந்துவிடும்.

பலகைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் போடாதீர்கள். 3 மி.மீ. இடைவெளி விட்டு ஸ்பேசர் வைத்துப் போடுங்கள். வெயிலில் கல் விரியும், அதற்கு இடம் வேண்டும்.

படிகளில் அநேகம் பேர் கணக்கில் விட்டுவிடுவது கல்லின் கனத்தை. பலகை 20 மி.மீ., அடியில் கலவை 25 மி.மீ., இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய 2 இஞ்ச். செங்கல் படி கட்டும்போதே இதைச் சொல்லாவிட்டால் கீழ்ப்படி ஒரு உயரம், மேல்படி ஒரு உயரம் என்று ஆகிவிடும். எல்லாப் படியும் 6 இஞ்ச் என்று பழகிய கால், கடைசிப் படியில் தடுக்கும். இங்கே உயரம் 6 இஞ்ச், கால் வைக்கும் அகலம் 12 இஞ்ச். படியின் மூக்கு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் அடியில் விரலை விட்டால் ஒரு சின்னக் கோடு தட்டுப்படும். மிஷினில் கீறிய காடி அது. தண்ணீர் பின்பக்கம் போகாமல் அங்கேயே சொட்டிவிடும், படியின் முகத்தில் அழுக்குக் கோடு விழாது.

டிசைன் என்று பார்த்தால், இங்கே ரொம்பக் குறைவாகத்தான் செய்திருக்கிறோம். தரைக்கு ஒரே கல், ஒரே அளவு. பார்டர் இல்லை, நடுவில் பூ இல்லை. தூண் ஒன்றே ஒன்று, மெல்லிய ஸ்டீல் தூண். ஸ்லாப் ஓரத்தில் அலங்கார வளைவு எதுவும் கிடையாது. நவீனமாகத் தெரிவதற்குப் பொருளைக் கூட்ட வேண்டியதில்லை. சுவருக்கு ஒரு கல், தூணுக்கு ஒரு கல், தரைக்கு ஒரு கல் என்று போட்டால் கல் யார்டு சாம்பிள் பலகையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். இந்தத் திண்ணை. 18 இஞ்ச் உயரம், 2 அடி அகலம், சுவரிலிருந்து சுவர் வரை. மேலே அதே கிரானைட்தான், ஆனால் லெதர் ஃபினிஷ். ஃபிளேம் ஃபினிஷில் வேட்டி புடவையோடு உட்கார்ந்தால் நூல் பிரியும். சாயங்காலம் வெயில் வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடுவதால் கல் சில்லென்று இருக்கிறது. சோபா வாங்கிப் போட்டால் மழையில் நனையும், தூசி படியும். இதைத் துடைத்தால் போதும்.

கோலத்துக்கும் இடம் யோசிக்க வேண்டும். ஃபிளேம் கல்லில் மாவு குழிக்குள் இறங்கிவிடும், இழை சுத்தமாக வராது. அதனால் படிக்குக் கீழே, தரை மட்டத்தில், 4 அடிக்கு 4 அடி பாலிஷ் போடாத கடப்பா பதித்திருக்கிறோம். கடப்பா வேண்டாம் என்று சொன்ன அதே ஆள்தான் சொல்கிறேன். இது ஒரு சின்னச் சதுரம், ஏடு கிளம்பினால் அந்தப் பலகையை மட்டும் மாற்றிவிடலாம். கருப்பில் வெள்ளை மாவு விழுந்தால் தெருவிலிருந்தே தெரிகிறது.

கார்த்திகைக்கு அகல் வைப்பவர்கள் நேராகக் கல் மேல் வைக்காதீர்கள். அகலிலிருந்து எண்ணெய் கசிந்து கருப்பு வட்டமாகத் தங்கிவிடும். அடியில் ஒரு தட்டோ வாழை இலையோ வையுங்கள். கறை ஏற்கெனவே விழுந்திருந்தால், சாக் பவுடரைச் சோப்புத் தண்ணீரில் குழைத்து மேலே பூசி, ஓர் இரவு விட்டு வழித்து எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் நன்றாகவே மங்கும். தினசரிக்குத் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் போதும். மழைக்காலம் முடிந்ததும் ஜாயிண்டுகளில் பாசி இருக்கிறதா என்று பார்த்து நைலான் பிரஷால் தேய்த்துவிடுங்கள், கம்பிப் பிரஷ் வேண்டாம்.

கார் ஏறும் இடத்துக்கு இதே 20 மி.மீ. பலகை தாங்காது. அதற்கு 40, 50 மி.மீ. கனத்தில் கல் வேண்டும், அடித்தளமும் வேறு. அதை அடுத்த வீடியோவில் வேலை நடக்கும் சைட்டிலேயே காட்டுகிறேன். உங்கள் வாசல் எந்தத் திசை, சிட்-அவுட் எத்தனை அடி என்று எழுதி அனுப்புங்கள், அதற்கேற்றபடி பேசுவோம்.