டயப்பரை எப்போது நிறுத்தலாம்?

வணக்கம். குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கத்தை எந்த வயதில் தொடங்கலாம் என்று பலரும் கேட்கிறீர்கள். நான் வயதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். பெரும்பாலான குழந்தைகளிடம் 18 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் இதற்கான அறிகுறிகள் தென்படும் என்பதால், உடன்பிறந்த இருவருக்குள்கூட ஓராண்டு முன்பின் ஆவதில் வியப்பில்லை.

முதலில் உடலைக் கவனியுங்கள். டயப்பர் இரண்டு மணி நேரமாவது நனையாமல் இருப்பதும், பகல் தூக்கத்திலிருந்து எழும்போது உலர்ந்திருப்பதும், சிறுநீரைத் தேக்கிவைக்கச் சிறுநீர்ப்பை பழகிவருகிறது என்பதைக் காட்டும். தானே நடந்துபோய் உட்கார்ந்து எழவும், கால்சட்டையைக் கீழே இறக்கவும், சொன்னதைப் புரிந்துகொண்டு செய்யவும் வந்திருக்க வேண்டும்.

இவற்றைவிட நான் அதிகம் நம்புவது, குழந்தையின் உணர்வு மாறிவரும் வரிசையைத்தான். தொடக்கத்தில் நனைந்த பிறகு டயப்பரைப் பிடித்து இழுக்கும். அடுத்து, சிறுநீரோ மலமோ போய்க்கொண்டிருக்கும்போதே விளையாட்டை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கும். பின்னர், வருவதற்கு முன்பே திரைச்சீலைக்குப் பின்னாலோ மேசைக்கு அடியிலோ போய் ஒளிந்துகொள்ளும். அதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் அதட்டுகிறார்கள். எனக்கோ அதுதான் மிகத் தெளிவான அறிகுறி. வரப்போவது முன்கூட்டியே தெரிந்து, தனக்கென ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் குழந்தையை நாம் காட்டும் இடத்துக்கு அழைத்துவருவது எளிது.

ஆனால் மலம் இறுகி வலிக்கும் குழந்தையும் இப்படி ஒளிந்துகொண்டு, கால்களை இறுக்கி அடக்கப் பார்க்கும். அத்தகைய நிலையில் கழிப்பறை இருக்கையில் உட்காரவைத்தால், அந்த வலியையும் இருக்கையையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு மேலும் அடக்கும். அடக்க அடக்க மலம் இன்னும் இறுகும். ஆகவே மருத்துவரிடம் காட்டி மலச்சிக்கலைச் சரிசெய்த பிறகே பழக்கத் தொடங்குங்கள். உட்காரும்போது பாதங்கள் தொங்காமல் தரையிலோ ஒரு சிறு பலகையிலோ ஊன்றியிருந்தால், முக்குவதற்கு எளிதாக இருக்கும்.

இரவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். தூக்கத்தில் சிறுநீர் சுரப்பது குறைவதும், சிறுநீர்ப்பை நிறைந்ததை உணர்ந்து விழிப்பதும் வளர்ச்சியோடு தாமாக வருபவை. 5 வயதுக் குழந்தை படுக்கையை நனைப்பது இயல்பே.

வீடு மாறும்போதோ, தம்பியோ தங்கையோ பிறந்திருக்கும்போதோ தொடங்காதீர்கள். தொடங்கிய பிறகு குழந்தை உட்காரவே மறுத்தால், கோபமோ கெஞ்சலோ இல்லாமல் டயப்பருக்கே திரும்பிவிட்டு, ஓரிரு மாதம் கழித்து மீண்டும் முயன்று பாருங்கள்.