ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

அவைத் தலைவர் அய்யா அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, வேலை நெருக்கடியிலும் வந்து அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, அரிசி ஆலை உரிமையாளர்களே, நம் மதுரைக் கீழமாசி வீதியிலிருந்து கடையை முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருக்கிற அண்ணாச்சிமார்களே, சுமைதூக்கும் தொழிலாளர் சங்கத் தோழர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் நம் உறவுகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்தை வேறு காரியத்துக்கு வைத்திருங்கள் என்று கேட்டுக்கொண்டதை ஏற்ற விழாக் குழுவினருக்கு நன்றி. அது எந்தக் காரியம் என்று பின்னால் சொல்கிறேன். ஒலிபெருக்கி அமைத்த தம்பிகளுக்கும், மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரிய குடும்பத்துக்கும் நன்றி. அவைத் தலைவர் அய்யா 40 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், மீறமாட்டேன்.

அழைப்பிதழில் ‘கொடையாளி நாடாக இந்தியா’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இலங்கையின் வடக்குக்கும் கிழக்குக்கும் மலையகத்துக்கும் நம் நாடு செய்த உதவிதான் பேசுபொருள். மூன்று பகுதியாகப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று அனுப்பிய பொருள், இரண்டு கட்டிய வீடு, மூன்று கொடுத்த கடன். மூன்றையும் கோக்கிற நூல் நம் பாட்டிமார் சொன்ன ஒரே வாக்கியம்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி என்று சின்னப் பிள்ளையும் சொல்லுகிற ஊர் இது. தண்ணீரை அடிக்கணக்கில் பார்த்துப் பார்த்து வாழ்கிற நமக்கு அந்தப் பழமொழியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் பொருள். 1987-க்குப் போவோம். ஜூன் 3ஆம் தேதி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இலங்கை ராணுவத்தின் முற்றுகை, உணவும் மருந்தும் போய்ச் சேரவில்லை. நம் ராமேசுவரத்திலிருந்து செஞ்சிலுவைக் கொடி கட்டிய மீன்பிடிப் படகுகள் வரிசையாகப் புறப்பட்டன. மூட்டை மூட்டையாக உணவுப் பொருள், மருந்துப் பெட்டி. நடுக்கடலில் இலங்கைக் கடற்படை மறித்தது. பேச்சு நடந்தது, நேரம் ஓடியது, வழி கிடைக்கவில்லை. ஏற்றிய மூட்டை இறங்காமலே படகுகள் திரும்பி வந்தன. மறுநாள் ஜூன் 4. பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன் 32 சரக்கு விமானங்கள் கிளம்பின. காவலுக்கு மிராஜ் 2000 போர் விமானங்கள் கூடவே பறந்தன. அந்த நடவடிக்கைக்குப் ‘பூமாலை’ என்று பெயர். யாழ்ப்பாணத்து வானத்தில் பாராசூட் குடைகள் விரிந்தன, குடைக்குக் கீழே பொட்டலங்கள் ஆடி ஆடி இறங்கின. பாக்கு நீரிணையின் இந்தக் கரையில் அந்தச் செய்தியைக் கேட்டு நெஞ்சு நிமிர்த்தாத ஆள் இல்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டோம் என்று ஒரு நாடு சொன்ன செய்தி அது. அந்த வருடம் ஜூலையிலேயே இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது என்றால், அந்தச் செய்தி எவ்வளவு கனமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்தியின் கனம் அது. சோற்றின் கனம் என்ன? அண்ணாச்சிமார் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர்கள், கூடவே போடுங்கள். போட்டது சுமார் 25 டன். 1981 கணக்கெடுப்பில் அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்து மக்கள் 8 லட்சத்து 30 ஆயிரம். 25 டன்னை 8 லட்சத்து 30 ஆயிரத்தால் வகுத்தால் ஆளுக்கு 30 கிராம். ஒரு கைப்பிடி அரிசிக்கும் குறைவு. 20 டன் ஏற்றுகிற லாரி என்று வைத்தால் ஐந்து விமானம் சுமந்தது ஒன்றேகால் லோடு! இங்கே தோளில் துண்டோடு உட்கார்ந்திருக்கிற தோழர்கள் ஒரு காலைப்பொழுதில் இறக்கிவிடுவார்கள்.

விமானத்தில் போடுவதில் வேறு சங்கடமும் உண்டு. திறந்த வெளி வேண்டும், கீழே ஆள் நிற்கக்கூடாது, காற்று திசை மாறினால் பொட்டலம் குளத்தில் விழும். குடை இல்லாமல் தானியத்தைப் போடுவதானால் பல அடுக்குச் சாக்கில் கட்ட வேண்டும். உள்சாக்கு வெடித்தாலும் வெளிச்சாக்கு தாங்கட்டும் என்பதற்காக. அப்படியே பத்திரமாக விழுந்தாலும் ஓடத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும். கர்ப்பிணியும் கிழவியும் ஓடமாட்டார்கள். அதனால்தான் விமானம் கடைசி வழி, கப்பலும் லாரியும் முதல் வழி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், ஆகாயத்திலிருந்து போடும்போது எத்தனை முறை அளக்க வேண்டும்?

35 வருடம் தாண்டி 2022-க்கு வாருங்கள். இலங்கையில் எரிவாயு இல்லை, பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை. ஏப்ரல் 29 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், உயிர்காக்கும் மருந்துகள், மதிப்பு 123 கோடி ரூபாய். வெளிநாட்டுக்கு அனுப்புவதால் ஒன்றிய அரசின் அனுமதி வேண்டியிருந்தது, கிடைத்தது. மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் போனது. அடுத்த கப்பல் ஜூனில் நம் தூத்துக்குடியிலிருந்து போனது.

இதையும் அளப்போம். நிவாரணத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு. அதற்கு அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், சர்க்கரை 15 கிராம், அயோடின் உப்பு 5 கிராம், கூட ஒரு 50 கிராம் சத்துமாவு. இந்தக் கணக்கில் 40,000 டன் அரிசி 10 கோடி பேருக்கு ஒரு நாள் அரிசி. இலங்கையின் மக்கள்தொகை 2 கோடியே 20 லட்சம். எல்லோருக்கும் பிரித்தால் நாலரை நாளில் தீர்ந்துவிடும். கையில் ஒன்றுமே இல்லாத 10 லட்சம் பேரைத் தேர்ந்து கொடுத்தால் 100 நாள் வரும். அரிசி அதே அரிசிதான். பட்டியல் சரியாக இருப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பால்பவுடரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், மகளிர் குழுவினர் கவனிக்க வேண்டும். அங்கே அதைப் பால்மா என்பார்கள். காய்ச்சிய தண்ணீரில் கரைத்தால்தான் அது உணவு. அடுப்பெரிக்க எரிவாயு இல்லாத வீட்டில் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைக்குப் புகட்டினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். தாய்ப்பால் குடிக்கிற குழந்தையின் வீட்டில் பால்மா பொட்டலத்தைக் கொடுத்தால் தாய்ப்பாலும் நின்றுபோகும். ஆகவே பொட்டலமாகக் கையில் கொடுப்பதைவிட, பள்ளியிலோ ஆஸ்பத்திரியிலோ மொத்தமாகக் காய்ச்சி டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது நல்லது.

மருந்துக்கும் விதி இருக்கிறது. போய்ச் சேரும் நாளில் காலாவதிக்கு இன்னும் ஒரு வருடமாவது இருக்க வேண்டும், அந்த நாட்டு மருந்துப் பட்டியலில் இருக்க வேண்டும், அங்குள்ளவருக்குப் புரியும் மொழியில் பெயர் இருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. அதில் பாதிக்கு மேல் அந்த நாட்டுப் பட்டியலிலேயே இல்லை. எரிப்பதற்கும் புதைப்பதற்கும் தனியாகச் செலவு! நம் நாகப்பட்டினத்தில் அதே சுனாமியில் பழைய துணி சாலையோரம் மலைபோலக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். உயிரைப் பறிகொடுத்து நின்ற மீனவ மக்கள் அதைத் தொடவில்லை, தொடாதது அவர்கள் மானம். துப்புரவுத் தொழிலாளர்கள்தான் அள்ளினார்கள்.

இப்போது வீடு. இது நம் நாடு தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய காரியம். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் 50,000 வீடு, 1,372 கோடி இந்திய ரூபாய், முழுக்க நன்கொடை, ஒரு பைசா கடன் இல்லை. முதல் 1,000 வீட்டை ஒப்பந்தக்காரர்களை வைத்துக் கட்டி 2012 ஜூலையில் முடித்தார்கள். அதன்பின் வழியை மாற்றினார்கள். 2012 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாளில் தொடங்கிய 45,000 வீட்டிலும் வீட்டுக்காரரே முதலாளி. புது வீட்டுக்கு இலங்கை ரூபாய் 5,50,000, பழுது பார்க்க 2,50,000, இந்தியத் தூதரகத்திலிருந்து நேராக அவர்கள் வங்கிக் கணக்குக்கு. ஒரே தடவையில் இல்லை. அஸ்திவாரம் எழும்பியதா, சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்ததா, கூரை ஏறியதா என்று பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த தவணை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதைச் சிமெண்டிலும் செங்கல்லிலும் செய்து காட்டியது இந்தத் திட்டம்.

கோளாறு இல்லாமல் இல்லை. ஒரே சமயத்தில் ஊரெல்லாம் கட்டும்போது கொத்தனார் கூலியும் மணல் விலையும் ஏறும். தவணை வேலை முடிந்த பிறகு வருவதால் நடுவில் கைமுதல் வேண்டும். கணவனை இழந்த பெண் கைமுதலுக்கு எங்கே போவாள்? தாலிக்கொடியையோ காணியையோ ஈடு வைப்பாள். 550 சதுர அடி என்று வரைபடம் சொன்னாலும், வாழ்நாளில் ஒருமுறை கட்டுகிறோம் என்று இன்னொரு அறையைச் சேர்த்துக் கடனில் விழுந்த குடும்பங்களும் உண்டு. இதற்கு மருந்து இருக்கிறது. ஆள்பலம் இல்லாத குடும்பத்துக்கு முதல் தவணையைப் பெரிதாக்க வேண்டும், பத்து வீட்டுக்கு ஒரு குழுவாகச் சிமெண்டை மொத்தமாக வாங்கித் தரவேண்டும், அந்த ஊர் இளைஞருக்கே கொத்து வேலை பழக்கித் தரவேண்டும். மலையகத்தில் 4,000 வீட்டுக்கு 9,50,000 என்று தொகையைக் கூட்டினார்கள். மலைச்சரிவில் சாமான் ஏற்றிக் கட்டும் செலவைப் பார்த்துக் கொடுத்தது அது. லயன் என்கிற தோட்டத் தொழிலாளர் வரிசை அறைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்குச் சொந்த வாசற்படி. முகாம் உறவுகளில் சிலர் தலையசைக்கிறார்கள், அந்த வீடுகளில் அவர்கள் சொந்தங்கள் இருக்கிறார்கள்.

ஆம்புலன்சையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ‘1990 சுவ செரிய’ என்ற இலவச ஆம்புலன்ஸ் சேவையை 2016-இல் 88 வண்டியோடு தொடங்கிக் கொடுத்தோம், பிறகு 297 வண்டியாகி இலங்கைத் தீவு முழுக்க ஓடியது. ஊழியர்களுக்கு ஐதராபாத்தில் பயிற்சி. வண்டியை மட்டும் கப்பலில் ஏற்றி அனுப்பியிருந்தால் இரண்டே வருடத்தில் கொட்டகையில் துருப்பிடித்திருக்கும். ஓட்டுநரும் உதவியாளரும் தொலைபேசி எடுக்கிற அறையும் சேர்ந்து போனதால்தான் ஓடுகிறது.

மூன்றாவது கடன். 2022-இல் இந்தியா செய்த உதவி ஏறத்தாழ 400 கோடி டாலர், அதில் பெரும்பகுதி கடனும் கடன் தவணையைத் தள்ளிவைத்ததும். உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி, எரிபொருளுக்கு 50 கோடி. அதன் வட்டி, நிபந்தனை எல்லாம் தனிக் கூட்டத்துக்கு உரிய விஷயம். அவைத் தலைவர் அய்யா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், நான் வந்த காரியத்துக்கு வந்துவிடுகிறேன்.

மதுரைக்கு ஒரு நிவாரணக் கிடங்கு வேண்டும். இதைத்தான் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டியபோது இந்தியா ‘சாகர் பந்து’ என்ற பெயரில் உதவிக்குப் போனது. அறுந்த சாலைக்கு இரும்புப் பாலம் வரைக்கும் கொண்டுபோய் மாட்டினார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் தவித்தார்கள். அக்கரையில் புயல் என்றாலும் இக்கரையில் வெள்ளம் என்றாலும் லாரி போவது மதுரை வழியாகத்தான். தூத்துக்குடித் துறைமுகம் மூன்று மணி நேரத்துக்குள், ராமேசுவரம் நாலு மணி நேரத்துக்குள், அவனியாபுரத்துக்குப் பக்கத்தில் விமான நிலையம். ஆனால் ஒவ்வொரு முறையும் மழை பெய்த பிறகுதான் தார்ப்பாய் தேடுகிறோம்.

எவ்வளவு பெரிய கிடங்கு? 5,000 குடும்பம், குடும்பத்துக்கு 5 பேர், 10 நாள். சத்துமாவை விட்டுவிட்டு அடிப்படைச் சாமானுக்கு மட்டும் போட்டால், குடும்பத்துக்கு அரிசி 20 கிலோ, பருப்பு 3 கிலோ, எண்ணெய் ஒன்றேகால் கிலோ, சர்க்கரை முக்கால் கிலோ, உப்பு கால் கிலோ. மொத்தம் 126 டன், ஏழு லாரி. இந்த உணவுச் சாமானைக் கிடங்கில் அடைக்கவே கூடாது, வண்டு பிடிக்கும். கீழமாசி வீதிக் கடைகளிலேயே அது சுழன்றுகொண்டிருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை விலை பேசி, அழைத்தால் 48 மணி நேரத்தில் தருவோம் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால் போதும். அண்ணாச்சிமார்களிடம் இதற்குத்தான் கையேந்துகிறேன்.

கிடங்கில் இருக்க வேண்டியது கெடாத சாமான். நாலுக்கு ஆறு மீட்டர் தார்ப்பாய் குடும்பத்துக்கு இரண்டு, கயிறு, மூடியும் குழாயும் உள்ள வாளி ஒன்று, 10 லிட்டர் கேன் இரண்டு, கொசுவலை, மாதவிடாய்த் துணி, குளோரின் மாத்திரை. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர் என்றால் வீட்டுக்கு 75 லிட்டர், அதைச் சுமக்கத்தான் இந்தக் கேன்கள். மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் அட்டையில் அச்சிட வேண்டும். 5,000 சதுர அடிக் கட்டடம் போதும். தரையில் மரத்தட்டு, சுவருக்கும் அடுக்குக்கும் ஒரு மீட்டர் இடைவெளி, முதலில் வந்தது முதலில் வெளியேறும் ஒழுங்கு. கடல் தாண்டும் மரத்தட்டில் சூடேற்றிப் பூச்சி நீக்கியதற்கான முத்திரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துத் துறைமுகத்தில் மறிப்பார்கள். ஒவ்வொரு லாரிக்கும் சாமான் பட்டியல், பெறுபவர் பெயர், எடை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறோமே, அந்த அளவுகோலை வைக்கிற இடம்தான் இந்தக் கிடங்கு.

மண்டபத்தின் பின்வாசலில் மேசை போட்டிருக்கிறது. மாவட்ட ஆட்சியருக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் போகிற இரண்டு மனுக்கள் அங்கே இருக்கின்றன. கையெழுத்தும் முழு முகவரியும் எழுதுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் வியாபாரிகள் தங்களால் 48 மணி நேரத்தில் எத்தனை டன் தரமுடியும் என்பதைத் தனித் தாளில் எழுதிக் கொடுங்கள், உள்ளதைவிடக் கூட்டிச் சொல்ல வேண்டாம். லாரி வைத்திருப்பவர்கள் வண்டி எண்ணிக்கையையும் ஏற்றும் எடையையும் எழுதுங்கள். பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் 20 தார்ப்பாய் வாங்குவதாக விழாக் குழு சொல்லியிருக்கிறது. அவை அந்த மேசைக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கும், தோழர்கள் இரண்டு பேர் இருந்து இறக்கிக் கொடுங்கள். வணக்கம்.