தாமதமான வேலைக்கு ஆள் சேர்க்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம். நடவு தள்ளிப்போனால் என்ன செய்வோம்? பக்கத்து ஊரிலிருந்து இன்னும் பத்துப் பேரைக் கூட்டி வருவோம், சாயங்காலத்துக்குள் வயல் முடிந்துவிடும். அங்கே ஒருவர் நடுவதற்கு இன்னொருவரிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மென்பொருள் வேலையையும் அப்படியே நினைத்துவிடுகிறார்கள், அதுதான் என் பல வருட ஆதங்கம்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்கள் குழுவில் ஐந்து பேர். பில் போடும் மென்பொருள், மூன்று வாரம் பின்தங்கிவிட்டது. உடனே ஒரு திங்கட்கிழமை இன்னும் ஐந்து பேரை அனுப்பினார்கள். எல்லாரும் கெட்டிக்காரப் பிள்ளைகள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வரிக் கணக்குப் பகுதி முழுசாகத் தெரிந்தவர் எங்களில் ஒரே ஒரு அக்காதான். அன்றிலிருந்து அவர் நாற்காலி பக்கத்தில் யாராவது ஒருவர் நின்றுகொண்டே இருப்பார். "அக்கா, இந்த டேட்டா டேபிள்ல ஏன் ரெண்டு தேதி இருக்கு?" பதில் சொல்லிவிட்டுத் திரும்புவார், எந்த வரியில் விட்டோம் என்று தேடுவார், அதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். காலையில் வைத்த டீ மதியம் வரை ஆடை படிந்து அப்படியே இருந்தது. எங்களில் வேகமானவர் அவர்தான், அந்த வாரம் அவர் கையால் எதுவுமே முடியவில்லை. மூன்று வாரத் தாமதம் ஏழு வாரமானது.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஐந்து பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் பேச 10 ஜோடி. பத்துப் பேரானால் 45. ஆள் இரண்டு மடங்குதான், பேச்சு நாலரை மடங்கு!

இதைப் பட்டுணர்ந்து எழுதியவர் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ஃபிரெட் புரூக்ஸ். 1960-களில் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருளில் உச்சக்கட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள், அப்படியும் அது தாமதமாகத்தான் வந்தது. தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-இல் எழுதினார், ரொம்பவே எளிமையாக்கிச் சொல்கிறேன் என்று அவரே ஒப்புக்கொண்டுதான்.

சரி, என்ன செய்வது என்று நிறையச் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஆள் வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே கேளுங்கள். பாதி தாண்டிவிட்டால் தேதியைத் தள்ளுங்கள், இல்லையென்றால் வேலையைக் குறையுங்கள். புதியவர்கள் வந்தே தீருவார்கள் என்றால், நாங்கள் அந்த அக்காவுக்குச் செய்ததைச் செய்யுங்கள்: காலை 10 முதல் 11 வரை கேள்வி நேரம், அப்புறம் யாரும் அவர் பக்கம் போகக் கூடாது. நன்றி, வணக்கம்.